கொழும்பில் கடைசி நாள்: சூடு ஆறாத ஒரு பத்தியத்தூள் பொட்டலம்

எனக்குத் தொழில் அச்சு இயந்திரம் பூட்டுவது. 2006 கடைசியில் கொழும்பு புறக்கோட்டையில் ஓர் அச்சகத்துக்குப் புது மெஷின் வந்து இறங்கியது. அதைப் பூட்டி ஓட்டிக் காட்டிவிட்டு வா என்று திருச்சியிலிருந்து என்னை அனுப்பினார்கள். போர் மறுபடி மூண்டிருந்த நேரம். "இப்பப் போய் அங்க போறியே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று வீட்டில் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். முதலாளி மட்டும் அப்படி எதுவும் கேட்கவில்லை. ஆகவே போனேன்.

பத்து நாளில் வேலை முடிந்தது. கடைசி நாள் முழுக்க எனக்கே எனக்கு. விமானம் மாலை ஆறரைக்கு. காலையில் காலிமுகத்திடல், அப்புறம் அருங்காட்சியகம், மதியம் புறக்கோட்டையில் தேயிலை வாங்குவது என்று மனதுக்குள் அழகாக அடுக்கி வைத்திருந்தேன். அதில் ஒன்றுகூட நடக்கவில்லை. கொழும்பில் ஒரு நாளை எப்படிக் கழிக்கலாம் என்று தேடிக்கொண்டு இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் மன்னிக்கவேண்டும். நான் அந்த நாளை ஓர் அடுப்படியிலும், ஒரு மாவு மில்லிலும், ஒரு செக்பாயிண்டிலும் கழித்தேன்.

நான் தங்கியிருந்தது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் ஒரு சந்தில். காலை உணவோடு நாளுக்குத் தொள்ளாயிரம் ரூபாய் (இலங்கை ரூபாய்தான், பதற வேண்டாம்). வீட்டுக்காரி மகேஸ் அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். இருபத்தைந்து வருடம் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சிங்களம் தண்ணீராக ஓடும். வந்த முதல் நாளே என்னைப் பிடித்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்ப் பதிந்துவிட்டு வந்தவர் அவர்தான். இருபத்துமூன்று வயதில் ரமணன் என்று ஒரு மகன். மகள் சுகந்தி திருச்சி உறையூரில் வாக்கப்பட்டிருந்தாள்.

கடைசி நாள் காலை ஆறு மணிக்கு அக்கா என் கதவைத் தட்டினார்.

"தம்பி, எழும்பும். சுகந்திக்குப் பொம்பிளைப் பிள்ளை. ராத்திரி போன் வந்தது."

"அடடே! சந்தோஷம்க்கா. நீங்க எப்பப் போறீங்க?"

"நான் எங்கை போறது? நீர்தானே போறீர்."

எனக்குத் தூக்கம் முழுதாகக் கலையவில்லை. அக்கா வாசலிலேயே நின்று விளக்கினார். ரமணனைத் தனியே விட்டுவிட்டு ஒரு ராத்திரிகூட அவர் வெளியூரில் தங்கமாட்டார். சுற்றிவளைப்பு என்று ராணுவமும் போலீஸும் வந்து தமிழ்ப் பையன்களை ஏற்றிக்கொண்டு போகும்போதெல்லாம், ஒரு பிளாஸ்கில் தேநீரை ஊற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், மகனை வெளியே விடும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் அவர். "நான் இஞ்சை இருந்தால்தான் அவன் வெளியிலை இருப்பான்," என்றார். அங்கே மருமகனுக்குத் தாய் இல்லை. அவனுக்குத் தெரிந்த சமையல் முட்டை அவிப்பது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறி யார் வைப்பார்கள்?

"போன்ல சொல்லிக் குடுத்தா அவரே வச்சிடமாட்டாரா?"

"போனிலை மணம் வருமே? விசர்க் கதை கதையாதையும். முகத்தைக் கழுவிக்கொண்டு குசினிக்கு வாரும்." குசினி என்றால் அடுப்படி.

எனக்கு முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. மெஷினைக் கழற்றிப் பூட்டுவேனே தவிர, ரசம்கூட வைத்ததில்லை. ஆனால் அக்கா இடியப்பமும் சொதியும் சம்பலும் போட்டு, நான் வாய்நிறைய மென்றுகொண்டிருந்த நேரத்தில்தான் கேட்டார். அந்த நிலையில் எவனால் மாட்டேன் என்று சொல்லமுடியும்?

பாடம் இதுதான். யாழ்ப்பாணத்துக்காரர்கள் இந்தத் தூளைச் சரக்குத்தூள் என்கிறார்கள் (தமிழ்நாட்டு நண்பர்கள் சிரிக்கவேண்டாம்). மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், திப்பிலி, அவர்கள் வேர்க்கொம்பு என்று சொல்லும் சுக்கு எல்லாம் போட்டு அரைப்பது. மிளகாய் மட்டும் வாசனைக்குக்கூடச் சேரக்கூடாது. உள்ளியை, அதாவது பூண்டை, நல்லெண்ணெயில் வதக்கவேண்டும். தண்ணீர் விட்டு, கொதித்ததும் மீன். தூளைக் கரைத்துக் கடைசியில் விடவேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. நான் முதல் தரம் பூண்டைக் கருக்கினேன். இரண்டாம் தரம் தூளை முதலில் கொட்டினேன். "மெசின் பூட்டுற ஆள் எண்டு சொன்னீர், முதல் எந்த ஆணி, பிறகு எந்த ஆணி எண்டு ஒரு முறை இல்லையே அதுக்கு?" என்றார் அக்கா. அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. மூன்றாம் தரம் தப்பில்லாமல் வைத்தேன். மணி பத்தரை. ஜன்னலுக்கு வெளியே கடலோரத்து ரயில் ஒன்று போயிற்று. காலிமுகத்திடலும் அதோடு போயிற்று.

இருந்த பழைய தூள் பாடத்திலேயே தீர்ந்துவிட்டது. புதிதாக அரைக்க, காயவைத்த சாமானை அக்கா ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தார். திருச்சி மார்க்கெட்டில் கிடைக்காத எது இதில் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தேன். "இந்தியா மல்லியிலை மணமில்லைத் தம்பி," என்றார். சாக்கின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் தூத்துக்குடி என்று அச்சடித்திருந்தது. பத்து வருடமாக அச்சுத் தொழிலில் இருக்கிறேன், எழுத்தைப் பார்த்தால் படிக்காமல் இருக்க வராது. படித்துவிட்டுச் சாக்கைத் தோளில் ஏற்றினேன்.

வெள்ளவத்தையிலேயே நாலு மில் இருக்கிறது. அக்காவுக்கு ஒன்றின்மேலும் நம்பிக்கை இல்லை; அங்கெல்லாம் நாள் முழுக்க மிளகாய்தான் அரைபடுகிறதாம். ஆகவே கொட்டாஞ்சேனைக்குப் போகவேண்டும். பன்னிரண்டு கிலோமீட்டர். சுனில் என்ற சிங்கள டிரைவரின் வேனைப் பேசினோம். கொட்டாஞ்சேனை போய், அங்கிருந்து அப்படியே கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு, எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறு. சுனிலுக்கு அக்காவை ஏற்கெனவே தெரியும். அதனால்தான் அவர் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை என்று பிறகு புரிந்தது.

கொட்டாஞ்சேனை வேறு மாதிரி ஊர். துறைமுகத்துக்குப் பக்கம், சந்துக்குச் சந்து மாதா சொரூபம், அடுத்த சந்தில் கோயில் மணி. மில்லுக்காரர் பெனடிக்ட் உடம்பெல்லாம் மாவோடு வெளியே வந்தார். அக்காவைக் கண்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே!

"பெனடிக்ட், முதல்லை மில்லைக் கழுவும்."

"ஐயோ அக்கா, காலையிலதானே கழுவினது."

"இப்ப என்ன அரைச்சனீர்?"

"...மிளகாய்."

அக்கா பையிலிருந்து ஒரு சுண்டு, அதாவது ஒரு டம்ளர் அளவு, அரிசியை எடுத்து நீட்டினார். சரக்கு அரைக்குமுன் வெறும் அரிசியை ஓட்டி மெஷினைத் துடைக்கவேண்டும், அதுதான் முறை. முதல் அரிசி சிவப்பாக வந்தது. அக்கா இன்னொரு சுண்டு எடுத்தார். அதுவும் லேசாகச் சிவந்தது. மூன்றாவதற்குப் பெனடிக்ட் கைகூப்பினார். பின்னால் மிளகாயோடு வரிசையில் நின்ற பெண்கள், "விடுங்க அண்ணை, பிள்ளை பெத்தவளுக்காம்," என்று அக்கா பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அரிசி வெள்ளையாக வந்த பிறகுதான் மல்லி உள்ளே போனது.

அரைத்து முடிக்கும்போது ஒன்றேமுக்கால். மில்லில் அரைத்த தூள் கொதிக்கக் கொதிக்க வரும். தாளில் பரப்பி ஆறவிட்டுத்தான் கட்டவேண்டும். இது அக்காவுக்கும் தெரியும், பெனடிக்டுக்கும் தெரியும். ஆனால் சுனில் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார். அக்கா சூட்டோடு சூடாகத் தூளைப் பொலித்தீன் பையில் போட்டு, அதன்மேல் நாலு பேப்பர் சுற்றி, நூலால் இறுக்கி, என் பைக்குள் சட்டைகளுக்கு நடுவே வைத்தார்.

ஊருக்கு வெளியே, பாலத்துக்கு முன்னால் செக்பாயிண்ட். இறங்கச் சொன்னார்கள். ஓர் இளம் சிப்பாய் என் பைக்குள் கையை விட்டான். விட்ட கையை நெருப்பைத் தொட்டதுபோல வெளியே இழுத்தான்.

"ரஸ்னெய்!" என்று கத்தினான். சூடாக இருக்கிறதாம்.

அந்த ஊரில், அந்த வருடத்தில், தானாகச் சூடேறிக் கிடக்கும் நூல் சுற்றிய பொட்டலம் ஒன்று ஒரு தமிழனின் பைக்குள் இருந்தால் என்ன நினைப்பார்கள்? ஒரு நிமிடத்தில் எங்களைச் சுற்றி ஆறு துப்பாக்கி. ஊரில் அம்மா சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. சுனில் கையைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். அக்கா சிங்களத்தில் படபடவென்று பேசத் தொடங்கினார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தி, அவரை இருபது அடி தள்ளி நிற்க வைத்தார். ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கேட்பார்களாம். இரண்டு பேர் கதையும் ஒத்துப்போகவேண்டும்.

"மொக்கத மே?" இது என்ன என்று என்னைக் கேட்டார்கள்.

எனக்குத் தெரிந்த சிங்களம் மூன்று வார்த்தை. மூன்றும் தேநீர்க் கடையில் படித்தவை. பெண்களைச் சோதிக்க நின்ற ஒரு போலீஸ்காரி பக்கத்தில் வந்தார். நான் வேறு வழியில்லாமல் என் வயிற்றுக்குமுன் கையால் ஒரு பெரிய வட்டம் போட்டேன். ஒரு குழந்தையைத் தாலாட்டினேன். அது பிறந்த விதத்தையும் காட்டவேண்டி வந்தது. அதை இங்கே எழுதமாட்டேன். பிறகு ஓர் அடுப்பைப் பற்றவைத்து, சட்டியை ஏற்றி, எண்ணெய் விட்டு, தண்ணீர் விட்டு, மீனைப் போட்டு...

"உள்ளி எங்கை?" என்று இருபது அடி தூரத்திலிருந்து ஒரு குரல்.

அதிகாரி அக்காவைச் சத்தம் போடவேண்டாம் என்று அதட்டினார். நான் தொடர்ந்தேன். பதற்றத்தில் தூளைக் கரைக்காமல் அப்படியே சட்டியில் கொட்டிவிட்டேன்.

"ஐயோ, கரையும்! கட்டி கட்டியாப் போகும்! பச்சை உடம்புக்காரிக்கு வயித்துக்குள்ளை குத்தும்!" அக்கா துப்பாக்கிகளை மறந்துவிட்டார். தடுத்த சிப்பாயின் கையைத் தட்டிவிட்டு, அங்கிருந்தே இல்லாத கரண்டியால் இல்லாத தூளைக் கரைத்துக் காட்டினார். "இப்பிடி! இப்பிடி!"

போலீஸ்காரி என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், குபீரென்று சிரித்துவிட்டார். பொட்டலத்தில் ஓர் ஓரத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். பிறகு அதிகாரியிடம் ஏதோ சொன்னார். அக்காவிடம் போய் நின்று என்ன குழந்தை, எத்தனை கிலோ என்றெல்லாம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார். கையை இழுத்துக்கொண்டானே அந்தச் சிப்பாய், அவனே பேப்பரைத் திரும்பச் சுற்றி நூல் கட்டிக் கொடுத்தான்.

விமான நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தடுப்பு. அதற்குமேல் பயணிகள் மட்டும்தான். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நடக்க நடக்கப் பின்னாலிருந்து, "மீன் சின்ன மீனா வாங்கும்! பெரிய மீன் வேண்டாம்! கிரந்தி!" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. பெரிய மீன் உடம்பில் சொறி கிளப்புமாம். தன் பேத்தியை எப்போது பார்ப்போம் என்று அவர் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பாஸ்போர்ட்டைக் கடைக்குப் போனாலும் சட்டைப்பையில் வைத்திருங்கள். தங்கும் வீட்டுக்காரரைக் கேட்டு முதல் நாளே போலீஸில் பதிந்துவிடுங்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து விமான நிலையம் முப்பது கிலோமீட்டர்தான். ஆனாலும் நாலு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். சூடாக எதையும் பையில் வைக்காதீர்கள். யாராவது பார்சல் கொடுத்தால் என்ன ஏது என்று பிரித்துப் பார்த்து வாங்குங்கள். காலிமுகத்திடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பார்த்தவர்கள் கீழே எழுதலாம்.

திருச்சிக் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட்டு எழுதுவீர்கள். ஐந்தாம் நாள், சுகந்தி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், உறையூருக்குப் போனேன். சுகந்தியின் புருஷன் பயபக்தியோடு பக்கத்தில் நிற்க, கறி வைத்தேன். கொடுத்துவிட்டு வெளியே வந்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"என்னெண்டு சொன்னவள்?"

"ரொம்ப நல்லாருக்குன்னாங்கக்கா."

"பொய் சொல்லாதையும். அவள் அப்பிடிச் சொல்ல மாட்டாள்."

சரி என்று உள்ளதைச் சொன்னேன். மீன் உடைந்துவிட்டது, எண்ணெய் மிதக்கிறது, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற கறியா இது என்று கேட்டாள் என்றேன்.

"சோத்துக் கோப்பையை வழிச்சவளே?"

"வழிச்சிட்டாங்கக்கா. இன்னும் கேட்டாங்க."

"நான் சமைச்சதைக் குறை சொல்லாமல் அவள் ஒரு நாளும் திண்டதில்லைத் தம்பி," என்றார் அக்கா. "அப்ப சரி. அப்ப என்ர கறிதான்."

சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். எனக்கும் கண் முட்டிவிட்டது. உறையூர்த் தெருவில் போனும் கையுமாக நின்றேன். அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, அழுகையும் அடங்காமலே, நாளைக்கு மீனை எப்போது போடவேண்டும் என்று எனக்கு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.