தலைவரின் மூடு பார்க்கிறவர்

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவருக்கு வெளியே ‘வானிலை’ என்று பெயர். கடையில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. முதலாளிக்கு அவர் மாஸ்டர், முன்னால் கவுண்டரில் நிற்கிற எனக்கு அண்ணா. ஆனால் ஊரில் எந்த அரங்கத்தின் பின்வாசலுக்குப் போய் "வானிலை அண்ணா எங்கே?" என்று கேட்டாலும் ஒரு கும்பலே கைகாட்டும். மழை வெயில் பற்றியெல்லாம் அவருக்கு ஒன்றும் தெரியாது. குடையை வீட்டில் வைத்துவிட்டுத் தொப்பலாக நனைந்து வருகிற ஆள். அவர் கணித்துச் சொல்வது ஒரே ஒரு மனிதரின் மூடை, அன்றைய மனநிலையை.

அந்த மனிதர் பாடகர். சலூனிலும் டாக்சியிலும் ஆஸ்பத்திரியில் டாக்டருக்காகக் காத்திருக்கும் அறையிலும் கேட்கிற குரல் அவருடையதுதான். ரசிகர்கள் அவரைத் தலைவர் என்பார்கள். நான் மகாராஜா என்பேன். பெரும்பாலும் அண்ணாவின் காதில் விழாமல், எனக்குக் கோபம் வந்தால் விழும்படியாகவே.

தலைவருக்குக் கோபம் மூக்கு நுனியில். வாயைவிடக் கை முந்தும். மேடையிலேயே டிரம்ஸ் வாசிப்பவரைக் கன்னத்தில் அறைந்தார், தாளம் தப்பியதாம். கோரஸ் பாடிய ஒரு பெண்ணைக் கச்சேரி முடியும்வரை கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்தார். செல்ஃபி கேட்டு வந்த ஒரு ரசிகரின் போனைப் பிடுங்கித் தரை துடைக்கிற வாளிக்குள் போட்டார். நானாக இருந்தால் அந்த வாளித் தண்ணீரை அப்படியே அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். அந்த ரசிகரோ செத்துப்போன போனை வீட்டு அலமாரியில் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறார். "தலைவர் கை பட்டது" என்று பெருமை வேறு.

எதற்கும் இந்த ரசிகர்கள் ஒரு சப்பைக்கட்டு வைத்திருப்பார்கள். கலைஞன் என்றால் அப்படித்தான், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார், குழந்தை மாதிரி. எங்கள் வீட்டிலும் குழந்தைகள் வளர்ந்தன, ஒன்றும் டிரம்ஸ்காரரை அறையவில்லை. இதை அண்ணாவிடம் சொன்னால் சிரித்துக்கொண்டே லென்ஸைத் துடைப்பார். நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்: பாட்டு நன்றாக இருக்கிறது. அதுதான் எரிச்சலே. பின்னறை ரேடியோவில் அந்தக் குரல் வரும்போது, அவரைத் திட்டிக்கொண்டே நானும் சத்தத்தைக் கூட்டச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணா ரசிகரான கதை சின்னது. வேலையில்லாமல் அலைந்த காலத்தில் ஒருநாள், வீட்டுக்குத் திரும்பக் கூடாது என்று முடிவு செய்து நடந்துகொண்டிருந்தாராம். ஒரு டீக்கடையில் அந்தக் குரல் பாடிக்கொண்டிருந்தது. பாட்டு முடியும்வரை நின்றார், பிறகு வீட்டுக்கே போய்விட்டார். அதற்குமேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அதனால்தான் என்னால் அவரை முழுசாகக் கிண்டல் செய்யவும் முடியவில்லை.

மூடு பார்ப்பது இப்படி. கச்சேரி நாளில் அண்ணா பின்வாசலில் முதல் ஆளாக நிற்பார். தலைவர் காரில் முன்சீட்டில் வந்தால் நல்லது. பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வந்தால் சரியில்லை. இறங்கியதும் டிரைவரிடம் ஏதாவது பேசினால் நல்லது. கதவைத் தானே அறைந்து சாத்தினால் யாரும் கிட்டே போகக் கூடாது. இன்னும் என்னென்னவோ உண்டு. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வார்த்தை போடுவார்: ‘தெளிவு’, ‘மேகம்’, ‘இடி’. தெளிவு என்றால் மாலையும் கையுமாக ஓடுவார்கள். இடி என்றால் தள்ளி நின்றே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் அடி வாங்காமல் தப்பித்தார்கள் என்று அண்ணா சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஏதோ நீச்சல் தெரியாதவர்களைக் கரையேற்றியவர் போல இருக்கும்.

இப்படி இருக்கையில் அவருடைய மகளுக்குத் தலைவரின் இசைக்குழுவில் வயலின் வாசிக்கும் இடம் கிடைத்தது. சிபாரிசு எதுவும் இல்லை, தேர்வுக்குப் போய் வாசித்துத் தேறினாள். அண்ணா தலைகால் புரியாமல் கடையெல்லாம் இனிப்பு கொடுத்தார். கண் பரிசோதனைக்கு வந்து, கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் கையிலும் திணித்தார்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. முதல் ஒத்திகைக்கு அவள் போன காலையில் பார்த்தேன், மனிதருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வலது கண் லென்ஸை இடது பக்கத்தில் மாட்டிவிட்டார். அதுவரை கச்சேரிக்குக் கச்சேரி பார்த்த மூடை இப்போது தினமும் பார்க்க வேண்டியதாயிற்று. தலைவரின் டிரைவரைச் சிநேகம் பிடித்தார். காலையில் கடை திறக்கும் முன்பே ஒத்திகைக்கூடத்து வாசலுக்குப் போய்க் கார் வருவதைப் பார்த்துவிட்டு, மகளுக்கு ஒரு வார்த்தை அனுப்பிவிட்டுத்தான் வேலைக்கு வருவார். மதியம் டிரைவரிடமிருந்து ஏதாவது சேதி வந்தால் அதையும் அனுப்புவார். அவளிடமிருந்து ‘சரிப்பா’ என்று பதில் வரும்வரை மெஷினை ஓட்டமாட்டார்.

"இவ்வளவு பயமா இருந்தா எதுக்கண்ணா அனுப்பறீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"பயம் எல்லாம் இல்லம்மா. ஒரு ஜாக்கிரதைதான்" என்றார். சொல்லிக்கொண்டே சின்னத் திருகாணியைத் தரையில் போட்டுவிட்டார், இருவரும் மண்டியிட்டுத் தேடினோம்.

இந்த நேரத்தில்தான் அண்ணிக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். பெண்கள் வார்டு. உடன் சொந்தத்தில் ஒரு பெண் துணை இருந்தே ஆக வேண்டும், ஆண்களைத் தங்க விடமாட்டார்கள். மகளைவிட்டால் ஆளில்லை. அவள் தலைவரிடம் ஒரே ஒருநாள் லீவு கேட்க வேண்டும். கேட்டால் அந்த மனிதர் என்ன செய்வார் என்று எண்ணி எண்ணியே அப்பாவும் மகளும் நாளைத் தள்ளிப்போட்டார்கள். ஆபரேஷன் பயத்தைவிட லீவு பயம்தான் அந்த வீட்டில் பெரிதாக இருந்தது. அண்ணியே எனக்குப் போன் செய்து, "இவங்க ரெண்டு பேரும் படற பாட்டப் பாத்தா, கல்லோடயே இருந்துடலாம்னு தோணுது" என்றார்.

கடைசியில் ஒரு காலையில் அண்ணா முகமெல்லாம் மலர்ச்சியாகக் கடைக்கு வந்தார். "முன்சீட்டு! டிரைவரத் தோளத் தட்டிச் சிரிச்சுக்கிட்டே இறங்கினாரு. இன்னைக்கே கேட்டுடுன்னு சொல்லிட்டேன். இந்த மாதிரி ஒரு தெளிவு நான் பாத்ததே இல்ல."

எனக்கும் நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மதியம் அவளிடமிருந்து சேதி இல்லை. அண்ணா கூப்பிட்டார், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. டிரைவரைக் கூப்பிட்டார், அவரும் எடுக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, பார்த்துவிட்டு, மூடினார். "ஒத்திகை நடுவுல எடுக்க மாட்டாம்மா" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். நான் கேட்கவே இல்லை. வந்த வாடிக்கையாளர் ஒருவர் எந்த ஃப்ரேம் தன் முகத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று கேட்டபோது, கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் அவளே கடைக்குள் வந்தாள். வயலின் பெட்டி தோளில். கண்ணாடி முகத்தில் இல்லை, கைக்குட்டையில் சுருட்டி வைத்திருந்தாள். அது இல்லாவிட்டால் அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஆளின் முகம்கூடக் கலங்கலாகத்தான் தெரியும். எப்படி பஸ் பிடித்து வந்தாளோ! பின்னறைக்குள் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"பஸ் படியில விழுந்துட்டேன்பா" என்றாள்.

அண்ணா கைக்குட்டையைப் பிரித்தார். விழுந்து உடைந்த கண்ணாடிகள் எங்கள் கடைக்குத் தினமும் வரும். அவற்றில் எங்காவது தரை உரசிய கீறல் இருக்கும். இதில் ஒரு கீறல்கூட இல்லை. இடது பக்கம் காதில் மாட்டும் கம்பி வெளிப்புறமாகத் திரும்பியிருந்தது. மூக்கில் உட்காரும் சின்ன ரப்பர் வில்லை உள்ளே நசுங்கியிருந்தது. அவள் மூக்கோரத்தில் அதே இடத்தில் ரத்தம் கட்டியிருந்தது. கவுண்டரில் நிற்கிற எனக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

"படியில விழுந்தா இப்படித்தான் ஆகும்" என்றார் அண்ணா, யாரையும் பார்க்காமல். ஃப்ரேமைச் சூடு காட்டி வளைக்கத் தொடங்கினார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாயைத் திறப்பதற்குள் மேசைமேல் அவருடைய போன் கிர்ரென்று அதிர ஆரம்பித்தது. ரசிகர் குழு. இசைக்குழுவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். ‘ஒத்திகை நடுவுல லீவு கேட்டாங்களாம், தலைவர் ரொம்ப அப்செட்.’ ‘வானிலை அண்ணா, உங்க பொண்ணாமே?’ ‘ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுடுங்க அண்ணா, பாவம், தலைவர் சாப்பிடவே இல்லையாம்.’ அவள் சாப்பிட்டாளா என்று அந்தக் கூட்டத்தில் ஒரு ஜீவன்கூடக் கேட்கவில்லை.

அண்ணா இடுக்கியைக் கீழே வைத்தார். போனை எடுத்து, ஒற்றை விரலால் மெதுவாக ஏதோ எழுத ஆரம்பித்தார். அவள் போன் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணை இடுக்கினாள்.

"அத்தை, அப்பா என்ன எழுதறார்? எனக்குத் தெரியல."

"ஒண்ணுமில்லம்மா" என்றார் அண்ணா.

"அத்தை, படிங்க."

நான் படித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "தலைவருக்கு ஏற்பட்ட மன வருத்தத்துக்கு மன்னிக்கவும். காலையில் நான் மூடைச் சரியாகப் பார்க்கவில்லை. தவறு என்னுடையது."

அவள் சொன்னாள்: "நான் ஏற்கெனவே கேட்டுட்டேன்பா மன்னிப்பு. எல்லார் முன்னாடியும். கண்ணாடி கீழ விழறதுக்குள்ள நான் பிடிச்சிட்டேன், அதுக்கும் திட்டு. தனியா நீங்க ஒண்ணு கேக்க வேண்டாம்."

அண்ணா போனை அப்படியே கவிழ்த்து வைத்தார். ஃப்ரேம் ஓரளவு நேராகியிருந்தது. லென்ஸைத் துடைத்தார். இரண்டு கம்பிகளையும் விரித்துப் பிடித்து, எங்கள் கடையில் யாருக்கும் மாட்டுவது போல, சின்னப் பிள்ளையிலிருந்து அவளுக்கும் மாட்டி வந்தது போல, இரண்டு கைகளையும் அவள் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனார்.

அவள் சட்டென்று தலையைக் குனிந்து முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

உடனே கையை எடுத்துவிட்டாள். "ஸாரிப்பா, சரியாத் தெரியல, அதான்" என்றாள். ஆனால் அண்ணாவின் கைகள் அந்தரத்திலேயே நின்றுவிட்டன. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கண்ணாடியை மேசையில் அவள் பக்கமாக வைத்து, "நீயே போட்டுக்கோம்மா" என்றார்.

அப்புறம் போனை எடுத்தார். எழுதியதை அழித்தார். புதிதாக எழுதினார், இந்த முறை வேகமாக. அனுப்பிவிட்டு என்னிடம் நீட்டினார். ‘அவர் என் மகளை முகத்தில் அடித்தார். அவள் அம்மாவின் ஆபரேஷனுக்கு ஒருநாள் லீவு கேட்டாள். வேறு ஒன்றும் செய்யவில்லை.’

இத்தனை காலம் எத்தனையோ வாதத்துக்குத் தீனி போட்ட குழு, சத்தமில்லாமல் கிடந்தது. படித்தவர்கள் கூடிக்கொண்டே போவது தெரிந்தது. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், ‘ஐயோ’ என்று போடுவார் என்று காத்திருந்தேன். அண்ணாவும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவளும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்து, அப்பாவின் தோளுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

பதில் வந்தது. ‘காலைல தெளிவுன்னு நீங்கதானே அண்ணா சொன்னீங்க?’

அண்ணா மகளைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியா? அடிச்சது அவரு, கேள்வி என்னக் கேக்கறாங்க!"

அவள் கண்ணாடியை மூக்கோரத்தில் வலிக்காமல் சரிசெய்துகொண்டாள்.

"பஸ்ல வர்றப்ப நானும் அதத்தான்பா கேட்டுக்கிட்டே வந்தேன்" என்றாள். "தெளிவுன்னு அப்பாதானே சொன்னாருன்னு."