இது பிரேக், பிளவுஸ் இல்லை

சமையலறைத் தொட்டியில் ஒட்டியிருந்த கிரீஸைத் தையற்காரி ஒரு தேய்ந்த கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சோப்பு போட்டுப் பார்த்தாயிற்று, நகரவில்லை. சோடா மாவும் சுடுதண்ணீரும் சேர்ந்த பிறகுதான் கொஞ்சம் மனம் இரங்கியது. வேன் சக்கரத்துப் பேரிங்கைக் கழுவ வீட்டில் வேறு இடமே கிடைக்கவில்லையா என்று அவள் கணவரைக் கேட்கவில்லை. கேட்டால், தொட்டியை இந்த அளவில் வாங்கச் சொன்னது யார் என்று ஒரு விசாரணை கிளம்பும். அந்த விசாரணை எந்தத் தெரு வழியாகச் சுற்றினாலும் கடைசியில் அவள் வாசலில்தான் வந்து நிற்கும்.

கணவர் சர்வேயர். நிலம் அளக்கிறவர் அல்ல. காப்பீட்டு நிறுவனத்துக்காக, மோதி நசுங்கிய வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதியவர். வண்டி எந்தக் கோலத்தில் கிடந்தாலும் அதை ஒரு சுற்றுச் சுற்றுவார், குனிவார், உதட்டைப் பிதுக்குவார், ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று எழுதுவார். நின்றுகொண்டிருந்த வண்டியின் மேல் மரம் விழுந்தாலும், மரத்தடியில் நிறுத்தியது மரமா என்று கேட்பார். அடுத்தவன் தப்பைக் கண்டுபிடித்தே ஒரு ஆயுளுக்குச் சோறு தின்றவருக்குத் தன் தப்பு என்று ஒரு சரக்கு உண்டு என்பதே தெரியாமல் போனதில் வியப்பில்லை. பணி ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். அனுப்பியதால் தப்பித்தது நிறுவனம். மாட்டிக்கொண்டது வீடு.

ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய கேம்பர் வேனை வாங்கி வந்தார். உள்ளே படுக்கை, குட்டி அடுப்பு, மடக்கு மேசை. “இனிமே ஊர் ஊராப் போயி வாழ்க்கையை அனுபவிக்கணும்” என்றார். வாழ்க்கை வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையிலேயே நின்றது. அவள் வேனுக்கு ஜன்னல் திரை தைத்தாள், மெத்தைக்கு உறை தைத்தாள். தைத்த திரைக்குப் பின்னால் அவர் பகலில் தூங்கினார்.

இதற்கிடையே அவளுடைய தங்கை, மலைக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரை ஊரில் வீடு கட்டிக் குடிபோனாள். “அக்கா, நீ எப்ப வர்றே?” என்று அவள் போனில் கேட்கும்போதெல்லாம், “உங்க அக்காவை நம்ம வேன்லயே கூட்டிட்டு வர்றேன், பஸ்ஸுல எதுக்கு இடிபடணும்?” என்று சர்வேயர் நடுவில் புகுந்து வாக்குக் கொடுப்பார். கொடுத்த வாக்குக்குக் குறுக்கே மலை நின்றது. இறக்கத்தில் பழைய டிரம் பிரேக் சூடேறிவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. அதனால் முன் சக்கரம் இரண்டுக்கும் டிஸ்க் பிரேக் போட முடிவு செய்தார். அதற்குச் சக்கரம் பூட்டுகிற குடத்தையே, அவர் பாஷையில் ஹப்பையே, மாற்ற வேண்டும். முடிவு சரியானதுதான், குறை சொல்ல முடியாது. வேலையைத் தானே செய்வேன் என்றதில்தான் வினை.

சாமான்கள் பெட்டி பெட்டியாக வந்தன. டிஸ்க்கை இடுக்கி மாதிரி கவ்விப் பிடிக்கிற காலிபர் இரண்டு, ஒரு பெட்டியில் இடது என்றும் இன்னொன்றில் வலது என்றும் போட்டு வந்தன. சிவப்பு அடித்தால்தான் எடுப்பாக இருக்கும் என்றார். துடைப்பதும் சிவப்பு அடிப்பதும் அவள் தலையில் விழுந்தன. வெட்டிய துணியில் இடது வலது குறிக்காமல் கீழே வைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. பெயின்ட் காய்ந்ததும் வெள்ளை நகப்பூச்சால் இடதுக்கு ஒரு புள்ளியும் வலதுக்கு இரண்டு புள்ளியும் வைத்தாள்.

ஹப் வேலை நன்றாகவே நடந்தது. அவள் உள்ளங்கையில் கிரீஸை வைத்துப் பேரிங்கின் உருளைகளுக்குள் அழுத்தி அழுத்தி ஏற்றிக் கொடுத்தாள். அவர் நட்டை இறுக்கினார், கொஞ்சம் தளர்த்தினார், திருப்புளி முனையால் தள்ளினால் வாஷர் அசைகிறதா என்று பார்த்தார், மறுபடி இறுக்கினார். கையால் சுற்றிவிட்டபோது சத்தமே இல்லாமல் சுழன்றது. அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்து அவளுக்கே மனசு இளகிவிட்டது. தொட்டியைக்கூட மன்னித்தாள்.

காலிபர் மாட்டும்போது அவள் ஸ்பேனரோடு பக்கத்தில் நின்றாள்.

“என்னங்க, ரெட்டைப் புள்ளி வலதுக்கு. நீங்க இடது பக்கம் மாட்டுறீங்க.”

“ரெண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கு. பாரு, சரியா உக்காருதா இல்லையா?”

“உக்காருது. ஆனா பெட்டியில...”

“இந்தாம்மா, இது பிரேக்கு. பிளவுஸ் இல்ல. ஸ்பேனரைக் குடு.”

கொடுத்தாள்.

அடுத்தது, பிரேக் எண்ணெய்க் குழாய்க்குள் இருக்கிற காற்றை வெளியேற்றும் வேலை. ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். கீழே ஒருவர் காலிபரில் இருக்கிற சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். ப்ளீடர் என்று அதற்குப் பெயர். மிதிக்கிற பதவி அவளுக்கு வந்தது.

“மிதி!”

“மிதிச்சாச்சு.”

“அப்படியே பிடி... ம்... விடு!”

“விட்டாச்சு.”

பெடல் ஈரப் பஞ்சில் கால் வைத்ததுபோல் தரைவரை இறங்கியது. மறுநாளும் அப்படியே. அடுத்த வாரமும். பிரேக் எண்ணெய் டப்பா டப்பாவாகத் தீர்ந்தது.

“நீ முந்தி விட்டுடறே.”

“நீங்க சொன்னப்பதான் விட்டேன்.”

“நான் சொல்றதுக்கும் நீ விடறதுக்கும் நடுவுல காத்து உள்ள பூந்துடுது. கால்ல ஒரு நிதானம் வேணும்.”

“ஊசி துணியில இறங்குறதுக்கு மயிரிழை முன்னாடி நிறுத்துற காலுங்க இது.”

“அது மெஷினு. இது வேனு.”

ஓட்டுநரின் கவனக்குறைவு! நகராத வண்டிக்கும் ஒரு ஓட்டுநரைக் கண்டுபிடித்து அறிக்கை எழுதிவிட்டார். எழுதியதோடு நிற்கவில்லை, ஊருக்கெல்லாம் வாசித்தும் காட்டினார். ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று கேட்டவர்களிடம், “வேலையெல்லாம் முடிஞ்சுது, அவ கால்தான் ஒத்துழைக்க மாட்டேங்குது” என்றார். பேச்சு வாய்க்கு வாய் வளர்ந்தது. தங்கை பதறிப்போய், “அக்கா, கால்ல என்ன? டாக்டர்கிட்ட காட்டினியா?” என்றாள். ஒரு பெரியம்மா முட்டிக்குத் தடவ எண்ணெய் கொடுத்தனுப்பினாள். இதையெல்லாம் அவள் சிரித்துத் தள்ளினாள். ஆனால், வருஷக்கணக்காக அவளிடமே துணி தைக்கக் கொடுக்கிற டீச்சரம்மா, வாசலில் பையைக் கையை விட்டு இறக்காமல், “உனக்குக் கால் வரலையாமே? சிரமப்படாதே, இந்தத் தடவை வேற எடத்துல குடுத்துக்கறேன்” என்று திரும்பிப் போனபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து தன் பாதத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சர்வேயர் மறுபடி பிரேக் எண்ணெய் வாங்கப் போனார். உதிரிபாகக் கடைக்காரர் டப்பாவை எடுத்து வைத்துவிட்டு, குடிக்கவா ஊற்றிக்கொள்ளவா என்று கேட்பதுபோல் பார்த்தார்.

“சார், ப்ளீடர் மேல் பக்கம் இருக்கா, கீழ் பக்கமா?”

“ஏன்?”

“காத்து மேலதானே ஏறும்? இடதை வலதுல மாத்தி மாட்டுனா ப்ளீடர் அடியில போயிடும். அப்புறம் நீங்க எண்ணெய்யா ஊத்தி ஊத்தி எடுக்கலாம், காத்து மட்டும் உச்சியில உக்காந்து வேடிக்கை பாக்கும்.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதா?” என்றார் சர்வேயர். டப்பாவை வாங்கிக்கொண்டு வழக்கத்தைவிட வேகமாக வீட்டுக்கு வந்தார்.

அன்று அவள் நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அவர் கொட்டகை வாசலிலேயே காத்திருந்தார், கையில் கிரீஸ், நெற்றியில் வேர்வை. “வா வா, இன்னொரு தடவை மிதிச்சுப் பாக்கலாம்.” மிதித்தாள், விட்டாள். கொஞ்ச நேரத்திலேயே பெடல் பாறையாக நின்றது.

“பாத்தியா? இன்னைக்குத்தான் கால் ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு!”

அவள் இறங்கினாள். சக்கரம் இன்னும் பூட்டப்படவில்லை. இடது பக்கக் காலிபரில் ஒற்றைப் புள்ளி இருந்தது. சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். அங்கே இரட்டைப் புள்ளி. உள்ளே போய்க் கை கழுவினாள். காலையில் தங்கை ஊருக்குப் புறப்பாடு என்று அவர் கொட்டகையிலிருந்து கூவியது கேட்டது.

பையில் துணி எடுத்து வைக்கும்போதே அவள் தீர்மானித்துவிட்டாள். ‘மாத்தி மாட்டிட்டேன்’ என்று அவர் வாயால் ஒரே ஒரு சொல். மன்னிப்பு வேண்டாம், விளக்கமும் வேண்டாம். சொன்னால் வேனில் முன் இருக்கையில் ஏறி உட்காருவாள். சொல்லாவிட்டால் மலைக்கு அந்தப் பக்கம் போக ராத்திரி பஸ் இருக்கிறது.

சாயங்காலம் கூடத்தில் சர்வேயர் நாற்காலியில் சாய்ந்து, ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு அவள் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு மதியச் சாப்பாட்டுக்கு வந்துடுவோம்மா. எல்லாம் சரியாயிடுச்சு.”

“அக்கா கால் எப்படி அத்தான் இருக்கு?”

“அதான் சொன்னேனே, சரியாயிடுச்சு. நான் சொல்லிச் சொல்லிப் பழக்கினதுல ஒரு வழியா...”

அவள் பையோடு வந்து அவருக்கு எதிரே நின்றாள்.

“என்னங்க, ரெட்டைப் புள்ளி இடதுல இருந்துச்சே. இன்னைக்கு வலதுல இருக்கு. எப்படிப் போச்சு?”

சர்வேயர் போனைப் பார்த்தார். பிறகு தன் நகத்து அழுக்கைப் பார்த்தார்.

“என்ன புள்ளி அத்தான்? அக்கா என்ன சொல்றா?” என்றது போன்.

“ஒண்ணுமில்லம்மா, அது இங்க...”

“தங்கச்சியும் கேக்கட்டும், டீச்சரம்மாவுக்கு நான் சொல்லிக்கறேன்” என்றாள் அவள். “கோளாறு காலா, கையா?”

அவர் உதட்டைப் பிதுக்கினார். நசுங்கிய எத்தனையோ வண்டிகளின் முன்னால் பிதுக்கிய அதே உதடு. ஆனால் அதிலிருந்து தீர்ப்பு எதுவும் வரவில்லை. ஹலோ ஹலோ என்று தங்கை மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்துச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். சுருட்டி முடிக்கிற வரை அந்த ஒரு சொல்லுக்காகப் பொறுத்தாள். பையைத் தூக்கிக்கொண்டு, ராத்திரி பஸ்ஸைப் பிடிக்கக் கூடத்தை விட்டு வெளியே போனாள்.