ஆவடியில் நின்ற ரயிலும் பூந்தமல்லிப் பல் டாக்டரும்

காலை ஏழே முக்காலுக்கு நானும் என் மகள் கயலும் நெமிலிச்சேரி ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்காக நின்றிருந்தோம். தொண்ணூற்று ஐந்தாம் ஆண்டு, தை பிறந்து சில நாட்கள். பனி இன்னும் விலகவில்லை. போக வேண்டிய ஊர் பூந்தமல்லி. போக வேண்டிய காரணம் கயலின் கீழ்வரிசையில், வலது கடைவாயில் இருந்த ஒரு பால் பல்.

இந்தப் பக்கம் வராதவர்களுக்கு வழி சொல்லிவிடுகிறேன். நெமிலிச்சேரியில் ஏறினால் ஆவடி மூன்றாவது ஸ்டேஷன். அங்கே இறங்கி, பஸ் பிடித்து, பத்து கிலோமீட்டர் போலப் போக வேண்டும். பூந்தமல்லிக்கு ரயில் கிடையாது. எந்தக் காலத்து ஊர், எவ்வளவு பெரிய கடைவீதி, இருந்தும் ரயில் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கயலுக்கு அப்போது எட்டு வயது. பேச்சு மிகவும் குறைவு. தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பானைமேல் வைப்பாள். ஆனால் நெமிலிச்சேரி முதல் சென்ட்ரல் வரை எல்லா ஸ்டேஷன் பெயரையும் வரிசையாகச் சொல்வாள். காலையில் எழுந்ததும் சொல்வாள், குளிக்கும்போது சொல்வாள், தூக்கம் வராவிட்டாலும் சொல்வாள். நடுவில் ஒன்றை நாம் தப்பாகச் சொல்லிவிட்டால் வீடு இரண்டாகிவிடும்.

அவளுக்கு இருப்பது ஆட்டிசம் என்று எங்களுக்குச் சொன்னவர் அம்பத்தூரில் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குழந்தை டாக்டரம்மா. அதற்கு முன்னால் பார்த்தவர்களில் ஒருவர் டானிக் எழுதினார். ஒருவர் காதைச் சோதிக்கச் சொன்னார். இன்னொருவர், பிள்ளையிடம் நான் நிறையப் பேச வேண்டும் என்று எனக்கே வைத்தியம் சொன்னார். நான் பேசுகிற பேச்சுக்கு எங்கள் தெரு நாய்களே இந்நேரம் தமிழ் பேசியிருக்க வேண்டும். அம்பத்தூர் டாக்டரம்மாதான் அவளைத் தரையில் உட்காரவிட்டு, தானும் தரையில் உட்கார்ந்து, வெகுநேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அந்தப் பெயரைச் சொன்னார். பெயர் தெரிந்ததால் நோய் தீராது, ஆனால் அன்று இரவு நானும் என் வீட்டுக்காரரும் நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

இப்போது பல். கன்னம் வீங்கிவிட்டது. ஆறிய கஞ்சியைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. வலி வந்தால் தன் மணிக்கட்டையே கடித்துக்கொள்வாள், தழும்பு தழும்பாக இருந்தது. முதலில் கூட்டிப் போன பல் ஆஸ்பத்திரியில், "சும்மா பாக்கத்தான் போறேன்" என்று சொல்லி வாயைத் திறக்க வைத்துக் கம்பியால் குத்திவிட்டார்கள். கயலுக்குச் சொன்ன சொல் சொன்னபடி இருக்க வேண்டும். அவள் அந்த டாக்டரின் விரலைக் கடித்துவிட்டாள். இரண்டு பேர் அமுக்கிப் பிடித்தும் முடியவில்லை. "கட்டிப்போட்டுத்தான் எடுக்கணும்" என்று அனுப்பிவிட்டார்கள். அம்பத்தூர் டாக்டரம்மாவிடம் போய் நான் அழுதேன். "பூந்தமல்லில ஜமால்னு ஒரு பல் டாக்டர் இருக்கார். குழந்தைங்களைக் கட்ட மாட்டார். அங்க போங்க" என்றார்.

கட்டாமல் அந்தப் பல்லை எடுக்க வேண்டும். என் வேண்டுதல் அது ஒன்றுதான்.

ரயிலில் கயல் ராணி மாதிரி உட்கார்ந்து வந்தாள். பட்டாபிராம், இந்துக் கல்லூரி, ஆவடி. தொல்லை ஆவடியில்தான். அவள் கணக்கில் ரயில் சென்ட்ரல் போக வேண்டும். நடுவில் இறங்குவது என்ன நியாயம்? பிளாட்பாரத்தில் நின்று, போகிற வண்டியைப் பார்த்து, "அன்னனூர்! அன்னனூர்!" என்று அடுத்த ஸ்டேஷன் பெயரைச் சொல்லி அலறினாள். தரையில் விழுந்தாள். கூட்டம் கூடியது. கீரைக்கூடையோடு ஒரு அம்மா நின்று, "இன்னாமா, கொயந்தைய இப்டி இஸ்துகினு போற? அன்னனூர்ல யார்னா கீறாங்களா?" என்றார்.

"யாரும் இல்லம்மா. அவளுக்கு அந்த ஸ்டேஷன் வேணும்" என்றேன்.

"அப்போ இட்டுகினு போயேன், இன்னா கெட்டுப்போச்சு!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த அம்மா கயலின் கட்சி. உலகத்தில் அவளுக்குக் கட்சி சேர்வதே அபூர்வம் என்று பேசாமல் வந்துவிட்டேன்.

எட்டரை மணிக்கு பஸ். டிக்கெட் எனக்கு ஒன்றரை ரூபாய், அவளுக்கு அரை டிக்கெட். ஹாரன் சத்தம் அவளுக்கு ஆகாது. இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, வாய்க்குள் "அன்னனூர், அன்னனூர்" என்று முனகிக்கொண்டே வந்தாள். பருத்திப்பட்டு தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல், நடுநடுவே மனைக்கு நட்ட கல். காடுவெட்டி, சென்னீர்குப்பம், கரையான்சாவடி. கண்டக்டர் அவளைப் பார்த்துவிட்டு விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு கூரையைத் தட்டித்தான் பஸ்ஸை நிறுத்தினார். நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள், "உள்ள போ, உள்ள போ, வழில நிக்காத" என்று என்னையே விரட்டினார். இந்தப் பக்கத்து மனிதர்கள் இப்படித்தான், நல்லது செய்தாலும் திட்டிக்கொண்டே செய்வார்கள்.

பூந்தமல்லி கடைவீதியைப் பார்க்காதவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். மல்லிகை, பொரித்த சமோசா, அத்தர், டீசல் எல்லாம் சேர்ந்து ஒரே வாசனையாக வரும். பஸ் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. ஒரு கட்டில் கடைக்கு மேலே மாடியில் டாக்டர் ஜமாலின் அறை. பெஞ்சு நிறையக் கன்னத்தைப் பிடித்தவர்கள். கயல் மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அன்னனூரை விடவில்லை. தலைப்பாகைபோல் துண்டைக் கட்டியிருந்த ஒருவர், பீரோவுக்குப் பெயிண்ட் அடிப்பவர், பேர் பாஷா என்று பிறகு தெரிந்தது, "பாப்பாவை மொதல்ல உள்ள வுடுங்க. நம்ம பல்லு எங்க ஓடிறப்போவுது?" என்றார். ஒருவரும் மறுக்கவில்லை.

டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லி உடம்பு, முழங்கைவரை மடித்த சட்டை. வெள்ளைக் கோட்டு இல்லை. கயலைக் கூப்பிடவில்லை, தொடவில்லை. காது கொடுத்துக் கேட்டார்.

"என்னம்மா சொல்லிட்டிருக்கா?"

சொன்னேன். ஆவடியில் இறங்கியது, ரயில் போய்விட்டது, அவள் வரிசை அறுந்துபோனது எல்லாம் சொன்னேன். இதையெல்லாம் கேட்டுவிட்டு மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப வண்டி இன்னும் ஆவடியிலயே நிக்குது" என்றார். பிறகு அந்தப் பெரிய நாற்காலியின் மிதியை மிதித்தார். நாற்காலி மெல்ல இரண்டு விரல் உயர்ந்தது. "அன்னனூர்" என்றார்.

கயலின் முனகல் நின்றது. திரும்பிப் பார்த்தாள்.

மறுபடி ஒரு மிதி. "திருமுல்லைவாயல்." கயல் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். "அம்பத்தூர்." ஏறி உட்கார்ந்தாள்.

"கொரட்டூர்" என்றார் டாக்டர்.

அம்பத்தூருக்கும் கொரட்டூருக்கும் நடுவில் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. பூந்தமல்லிக்காரருக்கு அது எப்படித் தெரியும்? பிறந்ததிலிருந்து பஸ்ஸிலேயே போய்வந்தவர். கயல் இரண்டு கையாலும் நாற்காலியை அடித்துக்கொண்டு, வாயை முழுசாகத் திறந்து, "பட்டரவாக்கம்!" என்று கத்தினாள்.

"எது? எது?"

"பட்டரவாக்கம்!"

"இன்னொரு தடவை, எனக்குக் காதுல விழல."

மூன்றாம் முறை அவள் கத்தியபோது அவர் டார்ச்சோடு குனிந்து அந்தப் பல்லைப் பார்த்தே விட்டார். "பார்த்துட்டேன் பாப்பா. இப்ப உன் பல்லைப் பார்த்தேன்" என்று அவளிடமே சொன்னார். பிறகு பட்டரவாக்கத்தையும் கொரட்டூரையும் சரியாகச் சொல்லி, அவளையே சென்ட்ரல் வரை சொல்ல வைத்து, நாற்காலியை இறக்கினார்.

அன்றைக்குப் பல்லை எடுக்கவில்லை. சீழ் இருக்கிறது, வீக்கம் வடிந்தால்தான் மரத்துப்போகிற மருந்து பிடிக்கும் என்று சொல்லி மருந்து எழுதினார். அடுத்த வாரம் வரச் சொன்னார். "என்னால் முடியும்னு சத்தியம் பண்ண மாட்டேன்மா. அவ அனுமதிச்சா எடுப்பேன்" என்றார். எட்டு வயதுப் பிள்ளையின் அனுமதி. இத்தனை வருடத்தில் அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

அடுத்த வாரம் அதே வண்டி. ஆவடியில் நான் அவளைத் தூக்கிக்கொள்ளத் தயாராகப் புடவையை இழுத்துச் செருகி நின்றேன். கயல் தானே இறங்கினாள். போகிற வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்து பஸ் நிலையத்துப் பக்கம் இழுத்தாள். நான்தான் செருப்பு அறுந்துவிடும் போல ஓட வேண்டியிருந்தது.

பத்து மணிக்கு டாக்டர் அறை. பாஷா அண்ணன் அன்றைக்கும் பெஞ்சில் இருந்தார். "வா பாப்பா, இன்னிக்கு எந்த டேசன்?" என்றார். கதவைச் சாத்தினால் கயலுக்குப் பயம், அதனால் டாக்டர் திறந்தே வைத்தார்.

"அன்னனூர்ல மருந்து தடவுவேன், கசக்கும். பட்டரவாக்கத்துல ஊசி. வலிக்கும். கொரட்டூர் வந்ததும் ஊசி வெளியே வந்துடும். வில்லிவாக்கம் போனப்புறம்தான் பல்லு" என்றார் அவளிடம்.

எனக்குப் பதறியது. "டாக்டர், வலிக்காதுன்னு சொல்லுங்களேன்."

"வலிக்குமேம்மா. பொய் சொன்னா மறுபடி ஏன் வாயைத் திறக்கணும்?"

சொன்னபடியே நடந்தது. பட்டரவாக்கத்தில் கயல் என் கையை நெரித்தாள். வளையல் ஒன்று உடைந்தது. கண்ணீர் காதுவரை வழிந்தது. ஆனால் வாய் மூடவில்லை, கொரட்டூருக்காகக் காத்திருந்தாள். கொரட்டூர் வந்தது, ஊசி வெளியே வந்தது. பிறகு மரத்துப்போகிற வரைக்கும் பொறுக்க வேண்டுமே? "வில்லிவாக்கத்துக்கு வெளில நிக்குது வண்டி. சிக்னல் கிடைக்கல" என்றார் டாக்டர். கயல் தலையசைத்தாள். இந்த லைனில் சிக்னலுக்கு நிற்பது அவளுக்குப் புதிதா என்ன!

வில்லிவாக்கம் என்றார். குறடு உள்ளே போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பல் தட்டில் இருந்தது. கட்டு இல்லை, அமுக்கிப் பிடிக்க ஆள் இல்லை. ஓவென்று அழுதது நான்தான்.

கயல் அழவில்லை. இறங்கவும் இல்லை. வாயில் பஞ்சை வைத்து, கடித்துக்கொள் என்று சொல்லியிருந்தார் டாக்டர். பல் வந்துவிட்டது, வண்டி இன்னும் சென்ட்ரல் வரவில்லை. அவளோ வாயைத் திறக்க முடியாது. எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் பேச முயன்றால் அழுகைதான் வந்தது.

"பாஷா பாய், நீங்க சொல்லுங்க" என்றார் டாக்டர்.

திறந்த கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பாஷா அண்ணன் எழுந்து வந்தார். "நமக்கு இன்னா தெரியும் டாக்டரே, நாம பஸ்ஸு ஆளு. அடுத்து பெரம்பூர் கேரேஜா?"

கயல் கையை நீட்டி உள்ளங்கையைக் காட்டினாள். வண்டி நின்றது.

"லோகோ சொல்லு அண்ணாத்தே! மொதல்ல லோகோ, அப்பால கேரேஜ்" என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல். கயல் கையை இறக்கினாள். பெரம்பூர் லோகோ. பெரம்பூர் கேரேஜ். பெரம்பூர். கன்னம் வீங்கியவர்கள், பல்லே இல்லாதவர்கள், பிள்ளைக்காக வந்த தாய்மார்கள் எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். வியாசர்பாடி. பேசின் பிரிட்ஜ். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் நாற்காலியை இரண்டு விரல் இறக்கினார். சென்ட்ரல் என்று அந்த மாடியே கத்தியபோது கயலின் கால் தரையைத் தொட்டது. தானே எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கிவிட்டாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முப்பது ரூபாயை மேஜைமேல் வைத்துவிட்டுப் பின்னால் ஓடினேன்.

பெரிய ஆஸ்பத்திரிகளில் எத்தனையோ பளபளப்பு இருக்கிறது. அதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் இந்த மாடிக்கு வந்தேன். எங்களுக்கு வேண்டியிருந்தது, வலிக்கும் என்றால் வலிக்கும் என்று சொல்கிற ஒரு மனிதரும் கொஞ்சம் பொறுத்திருக்கிற ஒரு பெஞ்சும்தான்.

அன்று சாயங்காலம் அவள் தயிர்சாதம் சாப்பிட்டாள். இடது பக்கமாக மென்று, இரண்டாம் முறை தட்டை நீட்டினாள். ஷிப்ட் முடிந்து வந்த அவள் அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை குளிப்பாட்டும்போது வழக்கம்போல ஆரம்பித்தாள். நெமிலிச்சேரி, பட்டாபிராம், இந்துக் கல்லூரி, ஆவடி. தலையில் தண்ணீர் ஊற்றினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பூந்தமல்லி" என்றாள். அப்புறம்தான் அன்னனூர்.

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு ஸ்டேஷனை விட்டதற்கு டாக்டரையே மன்னிக்காத பெண். பூந்தமல்லிக்கு ரயில் கிடையாதடி என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அடுத்த சொம்பு தண்ணீரை மொண்டு, "அன்னனூர்" என்றேன் நானும்.