உக்குவளைக்குக் கேட்டு வாங்கிய போட்டி

எல்லோரும் தட்டிக்கழித்த ஒரு பொறுப்பை விஜயலெட்சுமி டீச்சர் ஏன் கையுயர்த்திக் கேட்டு வாங்கினார்? மாத்தளைக் கல்வி அலுவலகத்தில் பல ஆண்டுகள் அவருடைய பக்கத்து மேசையில் இருந்தவள் நான். எனக்குப் பதில் தெரியாது. அவரை அறிந்த உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கலாம்.

மாகாணத் தமிழ்ப் பாடசாலைகளின் விளையாட்டுப் போட்டி மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளையில் தொடங்குவதற்கு முதல் நாள் மத்தியானம், அவருடைய தம்பி சிவா ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசியில் பேசினார். "அக்கா போயிட்டாங்க மேடம். புள்ளைங்க வர்ற பஸ்ஸ மட்டும் நிப்பாட்டிடாதீங்க. கடைசிவரைக்கும் அதத்தான் சொன்னாங்க." 

போட்டியை யார் நடத்துவது என்று தீர்மானிக்கும் கூட்டம் கண்டியில் நடந்தது. மூட்டுகளை முடக்கிய அந்தச் சிக்குன்குனியாக் காய்ச்சல் மலைநாட்டுப் பாடசாலைகளை வெறிச்சோட வைத்துவிட்டு அப்போதுதான் அடங்கியிருந்தது. தலைவர் கேட்டபோது எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். எங்கள் விஜி டீச்சர் கையை உயர்த்தினார். "நாங்க எடுக்கிறோம் சேர்."

நுவரெலியாப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் சிரித்தார். "மாத்தளைக்கு வந்தா கப் கிடைக்குதோ இல்லையோ, காய்ச்சல் நிச்சயம் டீச்சர்."

"கப்ப நாங்க எடுத்துக்கிறோம் சேர். காய்ச்சல நீங்க கொண்டுவராம வாங்க, போதும்."

அதைக் கேட்டதும் கண்டிக்காரருக்கும் ரோசம் வந்தது. தங்களிடம் பெரிய மைதானம் இருக்கிறது என்றார்கள். வழக்கமாக வெளியூர்ப் பிள்ளைகள் வகுப்பறைத் தரையில் பாய் போட்டு வரிசையாகப் படுப்பார்கள். காய்ச்சலுக்குப் பிறகு எந்தப் பெற்றோர் அதற்குச் சம்மதிப்பார்கள்? வீட்டுக்கு இரண்டு பிள்ளைகளாக ஊரே தங்கவைக்கும் என்று விஜி வாக்குக் கொடுத்தார். அந்த வாக்குக்காகத்தான் போட்டி உக்குவளைக்கு வந்தது.

திரும்பும் பஸ்ஸில் எனக்குக் கோபம். "விஜி, உங்களுக்கென்ன விசரோ? யுத்தம் நடக்கிற நேரம், வீட்டில ஒரு ஆள் ராத் தங்கினாலே பொலிசில பதியவேணும். அதுவும் தமிழ்ப் பிள்ளைகள்."

"பதிஞ்சிட்டாப் போச்சு மேடம். நம்ம ஊருக்கு யாராவது வரணும். இப்ப சாவுக்கும் செக்கிங்குக்கும்தானே வர்றாங்க."

அதையே பதிலென்று எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அது போதவில்லை.

பிறகு வீடுவீடாக ஏறி இறங்கினோம். பெரும்பாலான கதவுகள் பாதிதான் திறந்தன. கடைவீதியில் பரீதா உம்மா மட்டும் உள்ளே கூப்பிட்டுத் தேநீர் தந்தார். "புள்ளைகள எடுக்க ஆசதான் டீச்சர். ராவைக்கு ஆமி ரவுண்டப் வந்து வீட்டச் சோதிச்சா யாரு பதில் சொல்ற?"

"நானே வந்து ஒங்க வாசல்ல படுத்துக்கிறேன் உம்மா."

"ஒங்களப் போலீஸ் விட்டாலும் நுளம்பு விடாது!" என்று உம்மா சிரித்தார். எடுப்பதாகவோ மறுப்பதாகவோ அவர் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு விஜி போகும் வீடுகளிலெல்லாம் பின்வளவுக்குப் போய்ச் சிரட்டைகளையும் பழைய டயர்களையும் கவிழ்த்துவிட்டு வந்தார். வரும் பிள்ளைகளை ஒரு நுளம்பும் கடிக்கக்கூடாதாம். கடைசி வாரம் அவருக்கே காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். "இது நம்ம பழைய காய்ச்சல்தான் மேடம், அதே மூட்டு வலி" என்றார். அந்த வருடம் மாத்தளையில் எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். எல்லா உடல்வலியும் எங்களுக்கு அந்த ஒரே காய்ச்சல்தான். கடையில் வலிக்கு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மைதானத்தில் நின்றார். வந்திருந்தது டெங்கு. டெங்குக்கு அந்த வலி மாத்திரை ஆகாது.

மாகாண அலுவலகத்திலிருந்து ஒருவர் என்னிடம் கேட்டது ஒரு கேள்விதான்: "என்ன காய்ச்சல்?" சொன்னேன். விஜி இறந்த அன்று மாலையே போட்டி நிறுத்தப்பட்டது.

விஜியின் நம்பிக்கையை என்னால் வைத்துக்கொள்ள முடியாது, அது எனக்கு வராது. என்னிடம் இருப்பது அவர் ஒருமுறை சொன்னது. ஒரு கதவு எங்கள் முகத்துக்கு நேரே சாத்தப்பட்டபோது, "பயம் இருக்கட்டும் மேடம், பாயையும் விரிச்சு வைப்போம்" என்றார். நான் எந்தப் பாயையும் விரித்தவளில்லை. ஆனாலும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

மறுநாள் நடந்தது இது. செய்தி போய்ச் சேராத ஒரு பஸ் அட்டன் பக்கமிருந்து வந்து மைதான வாசலில் நின்றது. பெண் பிள்ளைகள் ஜன்னல்களை இறுக்கமாகச் சாத்தியிருந்தார்கள். அவர்களுடைய ஆசிரியர் மட்டும் இறங்கி, நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, உடனே திரும்புவதாகச் சொன்னார். பரீதா உம்மா தலையில் முக்காடு நழுவ ஓடிவந்தார். போட்டி நின்றது தெரிந்தும், வந்துவிடக்கூடிய பிள்ளைகளுக்கென்று இறைச்சி சேர்க்காமல் விடியவே சோறு சமைத்திருந்தார். "சாப்பிட்டுட்டாவது போகச் சொல்லுங்க சேர்."

"கோவிச்சுக்காதீங்க உம்மா. இங்க காய்ச்சல்னு பச்சத்தண்ணி கூடக் குடிக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் வீட்ல அனுப்பியிருக்காங்க."

பஸ் திரும்பிப் போனது.  பிறகு நானும் உம்மாவும் அந்தச் சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு விஜியின் வீட்டுக்குப் போனோம். சாவீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அடக்கம் முடிந்து வந்தவர்கள் அதைத்தான் சாப்பிட்டார்கள்.