ஸ்பீக்கர் பெட்டியோரம் அப்பா

போன வாரம் திண்டுக்கல்லில் ஒரு வங்கிக்குப் போயிருந்தேன். கரண்ட் போய்விட, வாசலில் இருந்த ஜெனரேட்டரைக் கிளப்பினார்கள். டீசல் புகை முகத்தில் அடித்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர, நான் மட்டும் நின்று நன்றாக மூச்சை இழுத்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அது மாசித் திருவிழாவின் வாசனை, என்ன செய்ய?

தொண்ணூறுகளில் எங்கள் ஊர்த் திருவிழா என்றால் அம்மனுக்கு அடுத்தபடி லைட்டுதான். மூங்கில் சட்டத்தில் சீரியல் பல்பு கட்டி, டீசல் ஜெனரேட்டரில் எரியவிடுவார்கள். மயில் தோகை விரிக்கும், அருவி கொட்டும், அம்மன் கையைத் தூக்கி ஆசி கொடுப்பாள். தோகையில் எப்படியும் ஒரு வரிசை எரியாது. அது எந்த வரிசை என்று நானும் அக்காவும் பந்தயம் கட்டுவோம். மிளகாய்ப்பொடி தூவிய டெல்லி அப்பளம் என் முகத்தைவிடப் பெரிது. அதைக் கடித்துக்கொண்டே, அதன் விளிம்புக்கு மேலாகத்தான் நான் பல வருஷம் அருவியைப் பார்த்தேன்.

அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. முதல் ஷிப்டு முடிந்து தலையெல்லாம் பஞ்சாக வருவார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அம்மாவையும் எங்களையும் அழைத்துக்கொண்டு கிளம்புவார். வெளிச்சம் பார்த்து முடித்தால் மெல்லிசைக் கச்சேரி. ஊரே மேடைக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்திருக்க, அப்பா மட்டும் பீரோ உயர ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். எங்களையும் அங்கேயே நிறுத்துவார். எங்களுக்கு நெஞ்சுக்கூடே அதிரும். “இந்த மனுசனுக்குப் பாட்டுக் கிறுக்கு” என்பாள் அம்மா. அவளே, வீட்டில் கூப்பிட்ட குரலுக்கு அவர் திரும்பாவிட்டால், செவிடன் காதில் ஊதிய சங்குதான் என்று அலுத்துக்கொள்வாள். நாங்கள் சிரிப்போம். அப்பாவும் எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டே சிரிப்பார்.

வாயைப் பார்ப்பது மில்காரர்களின் பழக்கம். அந்த மெஷின் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. உதட்டசைவை வைத்தே பேசிக்கொள்வார்கள். மில்காரர்கள் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளில் எல்லா அப்பாக்களும் முகத்துக்கு நேரே நின்றுதான் பேசுவார்கள். நாங்கள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டோம்.

நான் ஆறாவது படித்த வருஷம், கச்சேரிக்கு முன்பு உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பாட்டுப் பாட இடம் கொடுத்தார்கள். பாடவே பிறந்தவள் என்று அப்போது எனக்கு நினைப்பு. நிலாவைப் பற்றிய ஒரு பழைய சினிமாப் பாட்டை ஒரு மாதம் பழகினேன். பக்கத்து வீட்டு ஆட்டுக்கே அது மனப்பாடம் ஆகியிருக்கும். அப்பா ஷிப்டுக்குப் போன நேரமாகப் பார்த்துத்தான் பழகினேன். மேடையில் கேட்டு அவர் அசந்துபோக வேண்டும் என்பது திட்டம்.

மைக் ஸ்டாண்டு என் உயரத்துக்கு இறங்கவில்லை. கழற்றிக் கையில் கொடுத்தார்கள். குச்சி ஐஸைப் போல அதை வாயோடு ஒட்டிப் பிடித்துப் பாடினேன். அப்பா பெட்டியோரம் நின்று, கண் கொட்டாமல் என்னையே பார்த்தார். எல்லோரும் கை தட்டிய பிறகு அவரும் தட்டினார்.

கீழே ஓடிவந்து எப்படி இருந்தது என்று கேட்டேன். அம்புட்டு நல்லா இருந்துச்சு என்றார். அதோடு விட்டிருக்கலாம். எனக்கோ ஆசை அடங்கவில்லை. எந்த இடம் ரொம்பப் பிடித்தது என்று கேட்டேன்.

“அம்மன் பேரச் சொல்லி உருகுனியே தாயி, அந்த எடம்.”

பாட்டில் அம்மனே கிடையாது. கூட நின்ற சித்தி வீட்டார் சிரித்துவிட்டார்கள். எனக்கு அழுகை முட்டியது.

“நீங்க கேக்கவே இல்ல. பொய் சொல்றீங்க” என்றேன், அத்தனை பேர் முன்னால்.

 அடுத்த வருஷத்திலிருந்து அப்பா எங்களுக்கு லைட்டு காட்டிவிட்டு, கச்சேரி நேரத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துகொண்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நான் முடிவு கட்டினேன். பன்னிரண்டு வயசுக்கு எவ்வளவு கொழுப்பு பாருங்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மில்லை மூடினார்கள். அப்பா பகலெல்லாம் வீட்டில் இருக்க ஆரம்பித்த பிறகுதான் அம்மாவுக்குச் சந்தேகம் வந்து காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். காது போய் ரொம்ப வருஷமாச்சு என்றாராம் டாக்டர். இனி காதில் மெஷின் வைத்தும் பெரிய பிரயோஜனம் இல்லையாம். வெளியே தெரிந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள், இரண்டு பெண்களைக் கரையேற்ற வேண்டுமே என்று மறைத்திருக்கிறார். பெட்டிமேல் கை வைத்தால் தாளம் மட்டும் உள்ளங்கைக்கு வருமாம். அம்மா அந்தச் சங்குப் பழமொழியை அப்புறம் வாயில் எடுத்ததே இல்லை.

சேதி கேட்டு, கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்த நான் ஓடிவந்தேன். அவர் எதிரே உட்கார்ந்து, அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“மைக்கு ஒன் வாய மறச்சிருச்சு தாயி” என்றார்.

அந்தப் பாட்டை அவர் முகத்துக்கு நேரே பாடினேன். ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக. அழுகையில் சுருதி எங்கோ போனது. அது போனதுகூட அவருக்குத் தெரியாது. முடியும்வரை என் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அன்னைக்கும் இதத்தான் பாடுனியா?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“நல்லாத்தான் பாடியிருப்ப” என்றார்.

மறு மாசிக்கு அப்பா இல்லை. மில் இருந்த இடத்தில் வீட்டுமனைக் கல் நட்டிருக்கிறார்கள். மூங்கில் மயில்கள் போய், சீனத்து விளக்குத் தோரணங்கள் வந்துவிட்டன. நான் மழலை பேசியதை அவர் கேட்டிருப்பார் என்று அம்மா சொல்கிறாள். அதற்குப் பிறகு வளர்ந்த என் குரலை அவர் கேட்டதே இல்லை.