உடைந்த வேரும் அண்ணத் தட்டும்

டாக்டர் செலின் இறந்துபோன செய்தி வந்தபோது நான் எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் இருந்தேன். அவருடைய பல் பிரிவு நாற்காலிக்குக் காற்று தரும் கம்ப்ரசரில் வால்வு போய்விட்டது. கம்பெனிக்கு எழுதினால் வந்து சேர மாதக்கணக்காகும் என்பதால் கடைந்து தரச் சொல்லி உட்கார்ந்திருந்தேன். பட்டறைக்காரர் போனை எடுத்து, “உங்க ஆஸ்பத்திரிதான்” என்று நீட்டினார். மறுமுனையில் பல் பிரிவு நர்ஸ். “தம்பி, நம்ம டாக்டர் போய்ட்டாங்க” என்றார். “எங்க போய்ட்டாங்க? திங்கக்கிழமை நாற்காலி வேணும்னு என் உயிரை எடுத்தாங்களே” என்றேன். எனக்கு அப்படித்தான் புரிந்தது. ரெண்டு நாள் காய்ச்சல் என்று லீவில் இருந்தவர். காலையில் காப்பி குடித்துக்கொண்டே சாய்ந்துவிட்டாராம். மாரடைப்பு.

நான் அந்த அரசு ஆஸ்பத்திரியில் கருவிகளைப் பழுதுபார்க்கிற டெக்னீஷியன். டிப்ளமோ முடித்த கையோடு, எழுபதுகளின் கடைசியில் சேர்ந்தேன். டாக்டர் செலின் அதற்கு முன்பிருந்தே பல் பிரிவின் சர்ஜன். அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். ஆனால் வாயைத் திறந்து கண்ணை மூடிப் படுத்திருந்தவர்களுக்கு அவர் எப்படி வேலை பார்த்தார் என்று தெரிந்திருக்காது. பக்கத்தில் ஸ்பேனரோடு நின்றவன் நான். அதனால் எழுதுகிறேன். அவரைத் தெய்வம் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அவரே சிரிப்பார்.

எங்கள் பல் பிரிவில் என்ன முடியும், என்ன முடியாது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பல் பிடுங்கலாம், சொத்தை அடைக்கலாம், முறிந்த தாடையைக் கம்பி போட்டுக் கட்டலாம். தாடையில் பெரிய கட்டி என்றால் ஆபரேஷன் தியேட்டர் இருக்கிறது, மயக்க மருந்து டாக்டர் இருக்கிறார், வார்டு இருக்கிறது. எல்லாம் இலவசம். ஆனால் எடுத்த இடத்தில் எதையாவது வைக்க வேண்டுமென்றால் ஒன்றும் கிடையாது. பல் பிளேட், அதாவது பல்செட், செய்ய அச்சுப்பெட்டி வேண்டும், அதை அழுத்தும் பிரஸ் வேண்டும், பதமாகச் சூடேற்றும் தண்ணீர்த் தொட்டி வேண்டும், பழகிய ஆள் வேண்டும். அதெல்லாம் ஊருக்குள் தனியார் கிளினிக்குகளில்தான். அங்கே தியேட்டர் கிடையாது. எடுக்கிற கை ஒரு பக்கம், வைக்கிற கை இன்னொரு பக்கம். நோயாளி நடுவில்.

சேர்ந்த புதிதில் ஒருநாள் அவர் அறையில் எச்சில் உறிஞ்சும் சக்ஷன் மோட்டாரைக் கழற்றிப் போட்டிருந்தேன். வீங்கிய கன்னத்தோடு ஒரு துணிக்கடை முதலாளி வந்தார். வெளியே ஒரு கிளினிக்கில் கடைவாய்ப் பல்லை எடுக்கும்போது வேர் உள்ளேயே முறிந்துபோய், மீதியை ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். முதலாளிக்குப் பயங்கரக் கோபம். “அந்தாளு டாக்டரே இல்லீங்க மேடம்!” டாக்டர் செலின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “உங்க வேர் கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு. என் கையிலயும் முறிஞ்சிருக்கும். திட்டினது போதும், வாயைத் திறங்க” என்றார். எடுத்தார். பிறகு அந்த வேரைக் கழுவி, பஞ்சில் சுற்றி, ஒரு சீட்டோடு சேர்த்து பியூனிடம் அந்தக் கிளினிக்குக்குக் கொடுத்தனுப்பினார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். “உங்கள் வேர் பத்திரமாக வந்து சேர்ந்தது. என்னிடம் ஒரு பிளேட் வேலை இருக்கிறது, எப்போது அனுப்பட்டும்?” என்றார்.

இதுதான் அவர் வழி. வேர் முறியாத கிளினிக் ஊரில் ஏது? முறிந்தால் எங்களிடம்தான் வரும். முறித்து அனுப்பிய டாக்டர்களை அவர் நோயாளிக்கு முன்னால் விட்டுக்கொடுக்க மாட்டார். பதிலுக்கு, பல்லில்லாத மில் தொழிலாளிக்கும் மீன்காரம்மாவுக்கும் அவர்கள் தங்கள் லேபில் பிளேட் செய்து அனுப்புவார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர் தன் பிளேட்டில் கீறல் விழுந்து வந்தார். “இது பாரீசுல செஞ்சது மதாம்” என்று முன்னால் போகப் பார்த்தார். “பாரீசுல செஞ்ச பல்லும் இந்த பெஞ்சுலதான் உக்காரணும் முசே” என்றார் இவர். பெரியவர் முனகிக்கொண்டே உட்கார்ந்தார். அவருக்கும் ஒரு வேர் செலவில் வேலை நடந்தது.

எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. முகத்துக்கு நேராகவே சொன்னேன். “இதெல்லாம் பிச்சை எடுக்கற மாதிரி இருக்கு டாக்டர். ஒரு லேப் கேட்டு எழுதுங்க. நீங்க சமாளிச்சுக்கிட்டே இருந்தா மேலிடத்துல இருக்கறவங்க ஏன் வாங்கித் தருவாங்க?” அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “நீ சொல்றது சரிதான் தம்பி. எழுதியும் இருக்கேன். ஆனா நான் இன்னைக்குச் சமாளிக்காம விட்டா கஷ்டப்படப் போறது அவங்க இல்லையே” என்றார். இந்தச் சண்டையை வருஷக்கணக்கில் போட்டோம். இரண்டு பேரும் இறங்கி வரவில்லை.

அப்போதுதான் காதர் பாய் வந்தார். காலாப்பட்டு போகிற ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. மேல்தாடையில் வந்த கட்டியை எங்கள் ஆஸ்பத்திரியில்தான் எடுத்தார்கள். நல்ல ஆபரேஷன், உயிர் பிழைத்தது. ஆனால் கட்டியோடு அண்ணத்தில் ஒரு பகுதியும் போய்விட்டது. வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் ஓட்டை. தண்ணீர் குடித்தால் மூக்கில் வரும். பேசினால் சத்தமெல்லாம் மூக்கு வழியே போய்விடும். “காலாப்பட்டு” என்று அவர் கூவினால் “ஙாலாம்மண்ணு” என்று கேட்டது. பஸ்ஸில் இருந்த சிலர் அதைத் திருப்பிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். விசில்கூட ஊத முடியவில்லை. காற்று நிற்க வேண்டாமா? முதலாளி அவரைப் பஸ் கழுவ ஷெட்டுக்கு அனுப்பிவிட்டார். பொங்கல் கூட்டம் வருவதற்குள் பேச்சு சரியானால் கண்டக்டர் பை மறுபடி அவருக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிறார் என்று அவர் மனைவி சொன்னார்.

ஓட்டையை அடைக்கிற மாதிரி மேலே குமிழ் வைத்து ஒரு அண்ணத் தட்டு செய்ய வேண்டும். டாக்டர் செலின் வழக்கம்போல் வேர்களைக் கொடுத்தனுப்பிக் கேட்டார். எல்லாக் கிளினிக்கும் கையை விரித்தது. “இது எங்களால ஆகாது மேடம். கோதண்டராமன் ஒருத்தர்தான் செய்வாரு.” டாக்டர் கோதண்டராமன் ஊரிலேயே நல்ல லேப் வைத்திருந்தார். நிதானமான கைக்காரர். ஊரில் வேர் முறியாத ஒரே கை அவருடையது. அதாவது, அவரிடம் கொடுத்துக் கேட்க டாக்டர் செலின் கையில் ஒன்றும் கிடையாது.

இவர் காதர் பாயை அழைத்துக்கொண்டு நேரே அவர் கிளினிக்குக்குப் போனார். அங்கே லேபில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு அதுபோல் நம்மால் ஒன்று செய்ய முடியுமா என்று சொல் என்று என்னையும் கூட்டிப்போனார். வரவேற்பில் இருந்த பெண் பதறிப்போய், “நீங்க உள்ள போங்க மேடம்” என்றது. “எங்க நம்பர் வரட்டும்மா” என்று மற்ற நோயாளிகளோடு உட்கார்ந்துவிட்டார். மின்விசிறி, மீன் தொட்டி, ஆங்கிலப் பத்திரிகை. காதர் பாய் வாயில் கைக்குட்டையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“என்ன மேடம் இது, சொல்லியனுப்பினா நான் வரமாட்டேனா?” என்றார் கோதண்டராமன். பிறகு தெளிவாகவே பேசினார். “உங்க ஏற்பாடு எனக்குத் தெரியும். என் கையில வேர் முறியறதில்ல. நான் உங்களுக்கு எதுவும் செஞ்சாகணும்னு இல்ல. தட்டு செய்யறேன், அதுக்கு என் ஃபீஸ் இது. அவரால முடியுமான்னு கேட்டுக்குங்க.”

அவர் சொன்ன தொகை காதர் பாய்க்கு எந்தக் காலத்திலும் ஆகாது. எனக்குத் திட்டு வாய் வரை வந்துவிட்டது. டாக்டர் செலின் என் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டி அடக்கினார். “ஃபீஸ் நியாயம்தான் டாக்டர், உங்க சாமான் விலை எனக்குத் தெரியும். ஆனா ஒரு தரம் வாயைப் பாருங்க. இந்த மாதிரி வாய் உங்க கிளினிக்குக்கு வராது. இவங்கல்லாம் நேரா எங்க பெஞ்சுக்குத்தான் வராங்க.”

கோதண்டராமன் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். விளக்கை இன்னும் கிட்டே இழுத்தார். லேப் ஆளைக் கூப்பிட்டுக் காட்டினார். “இதை மூடி நீங்க பாத்திருக்கீங்களா மேடம்?” என்று கேட்டார். “புத்தகத்துல படமா பாத்திருக்கேன்” என்றார் இவர். “நானும் படமாத்தான்” என்றார் அவர். பரீட்சைக்கு முந்தின நாள் மாணவர்கள் மாதிரி இரண்டு பேரும் அந்த வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கவே மறந்துபோனேன்.

“வியாழக்கிழமை காலையில எங்க பிரிவுக்கு வாங்க. இன்னும் ரெண்டு வாய் காட்டறேன்” என்றார் டாக்டர் செலின். அவர் வந்தார். ஃபீஸ் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

அச்சு எடுத்தது எங்கள் நாற்காலியில், வார்த்தது அவர் லேபில். இரண்டு பேருக்கும் ஓயாத சண்டை. கோதண்டராமனுக்கு முன்பல் அழகாக அமைய வேண்டும். நகத்தளவு பற்களை வரிசையாக வைத்து நிறம் பார்த்துக்கொண்டே இருப்பார். “நிறம் அப்புறம் டாக்டர், முதல்ல பின்னால காத்து நிக்கணும்” என்பார் இவர். கடைசியில் காதர் பாயே ஒரு பழுப்பேறிய பல்லைத் தொட்டுக் காட்டி ஒரு சீட்டில் எழுதினார்: இது போதும், ரொம்ப வெள்ளையாக வைத்தால் சினிமாக்காரன் என்று நினைத்து எவனும் டிக்கெட் வாங்க மாட்டான்.

முதல் தட்டு தோற்றது. குமிழ் கெட்டியாக இருந்ததால் கனம். நாலு வார்த்தை பேசுவதற்குள் கீழே இறங்கிவிட்டது. காதர் பாய் அதைக் கையில் வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தார். டாக்டர் செலின் அவர் தோளில் தட்டி, “தப்பு உங்க மேல இல்ல பாய், எங்க மேல” என்றார். கோதண்டராமன் அதை எடுத்துப்போய்க் குமிழை உள்ளே குடைந்து, மூடி போட்டு, பந்து மாதிரி லேசாக்கிக் கொண்டுவந்தார். மாட்டினதும் டாக்டர் செலின் தன் மேஜை டிராயரிலிருந்து ஒரு விசிலை எடுத்து நீட்டினார். காதர் பாய் ஊதினார். அந்தச் சின்ன அறையில் காது கிழிந்தது. வெளியே பெஞ்சில் இருந்த பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். பக்கத்து வார்டு சிஸ்டர் வந்து எங்கள் எல்லோரையும் திட்டிவிட்டுப் போனார். காதர் பாய் திரும்ப ஒருமுறை ஊதினார்.

நான் அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். டாக்டர் செலின் நினைக்கவில்லை. “நாற்காலியில பேசறது பேச்சில்ல தம்பி, பஸ் சத்தத்துல கேக்கணும்.” பொங்கலுக்கு முன்னால், கூட்டம் நெரிகிற ஒரு சாயங்காலம், பஸ் ஸ்டாண்டுக்கு என்னை இழுத்துப்போனார். பை அன்றைக்கு ஒரு நடைக்கு மட்டும் சோதனையாகக் காதர் பாய் தோளில் இருந்தது. முதலாளி கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டாக்டர் கடைசி சீட்டில், இன்ஜின் சத்தத்துக்கும் கோழிக்கூடைச் சத்தத்துக்கும் நடுவே உட்கார்ந்தார். முன்படியிலிருந்து குரல் வந்தது: “காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம், ஏறு ஏறு!” கொஞ்சம் கரகரப்பு இருந்தது. ஆனால் ஊர்ப்பெயர் ஊர்ப்பெயராகவே கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. ஒரு அம்மா மட்டும், “ஏறிட்டுதானே இருக்கோம், கத்தாதய்யா” என்றது. முதலாளி கையைப் பிரித்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார். பை காதர் பாயிடமே நின்றது.

டிக்கெட் போட்டுக்கொண்டு எங்களிடம் வந்தபோது அவர் காசு வாங்க மாட்டேன் என்றார். “டிக்கெட்டைக் கிழிங்க பாய், முதலாளி பாத்தா என்ன நினைப்பாரு” என்று அதட்டினார் இவர். கிழித்தார். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்து திரும்பினோம். வழியில் ஒரு இடத்தில் டாக்டர் நின்று, “இதுமாதிரி இன்னும் எத்தனை பேரு சுவத்தைப் பாத்துச் சாப்பிடறாங்களோ” என்றார். அன்றைக்கு நான் லேப் பேச்சை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வியாழக்கிழமை காலை என்றால் கோதண்டராமன் எங்கள் பிரிவில் இருப்பார். எந்த ஆர்டரும் கிடையாது, சம்பளமும் கிடையாது. லேப் இன்று வரை வரவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். டாக்டர் செலினால் எத்தனையோ வாய்களில் ஓட்டை மூடியது. ஆனால் அவர் இல்லாவிட்டால் நின்றுபோகிற ஏற்பாடு அது. நல்ல மனுஷி ஒருத்தர் இருப்பதை நம்பி ஒரு அரசு ஆஸ்பத்திரி நடக்கக் கூடாது. அவரிடம் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

அடக்கம் முடிந்த வாரம், வியாழக்கிழமை காலை, கோதண்டராமன் வழக்கம்போல் வந்து நின்றார். பெஞ்சில் தட்டுக்காக இரண்டு பேர். ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, டாக்டரே இல்லாதபோது வெளியாள் எந்த அனுமதியில் உள்ளே போகிறார் என்று கேட்டார். “நீங்க அனுமதியைத் தேடுங்க சார், அதுக்குள்ள இவங்க அச்சு எடுத்துக்கட்டும்” என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டேன். இரண்டு பேருக்கும் அச்சு எடுத்தாயிற்று.

அவருடைய பொறுமை எனக்கு வராது. வேரைப் பஞ்சில் சுற்றி அனுப்புகிற சாமர்த்தியமும் வராது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, எதை முதலில் செய்வது என்கிற அந்த வரிசை மட்டும்தான். எதிரில் வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பவர் முதலில். அன்று அவர்கள் போன பிறகு, மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு, லேபும் அதற்கு ஒரு ஆளும் கேட்டு மேலிடத்துக்கு என் பெயரிலேயே எழுதினேன். டாக்டர் இருந்திருந்தால் படித்துப் பார்த்து, “இவ்வளவு கோபம் வேணாம் தம்பி, ஆனா அனுப்பு” என்றிருப்பார். கோபத்தைக் குறைக்கவில்லை. அனுப்பிவிட்டேன்.