பேச்சித்தாய் கட்டிய காயில்

பேட்டையில், தொழிற்பேட்டைக்குப் போகிற வழியில், 'சுடலைராஜ் மோட்டார் ரீவைண்டிங்' என்று ஒரு பலகை உண்டு. எரிந்துபோன கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றி, புதுக் காயில் கட்டித் தருகிற கடை. நாங்குநேரிப் பக்கத்து விவசாயச் சம்சாரிகள், வழியில் இருக்கிற ஐந்தாறு கடைகளைத் தாண்டி, லோடு ஆட்டோவில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு இங்கேதான் வருவார்கள். சுடலைராஜ் கடையில் கட்டினால் லேசில் எரியாது என்று பெயர்.

இத்தனைக்கும் சுடலைராஜுக்குச் சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய் ஒன்பது வருசம் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. ஊருக்குப் போய்க் கதை மட்டும் சொன்னார்கள்.

"கண்ணு தெரியாமலே விரலால தடவித் தடவிக் கட்டுதாரு வே. அது சாமி குடுத்த கைல்லா!"

சாமிக்கு வேறு வேலை இல்லை பாருங்கள். உள் அறையில், அரிசிச் சாக்கால் ஆன திரைக்குப் பின்னால், காலை நீட்டிப் போட்டு மோட்டாரை மடியோடு அணைத்துக்கொண்டு காயில் கட்டியது அவர் மனைவி பேச்சித்தாய். கண் தெரியாத ஆம்பிளை கட்டுவார் என்று நம்ப ஊருக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. கண் நன்றாகத் தெரிகிற பொம்பளை கட்டுவாள் என்பது மட்டும் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை.

பேச்சித்தாய் எட்டாவதோடு நின்றவள். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போன குடும்பம். கல்யாணமாகி வந்த புதிதில் புருசனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காப்புத் தாள் வெட்டிக் கொடுப்பாள், கம்பிச் சுருளைப் பிடித்துக்கொள்வாள். அவர் கண் போன வருசம், கடையை மூடிவிட்டு யாரிடமாவது கூலிக்குப் போகவேண்டியதுதான் என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தபோது, பாதியில் கிடந்த ஒரு மோட்டாரை அவளே எடுத்து மடியில் வைத்தாள். அந்த முதல் மோட்டாருக்கு நாலு நாள் ஆனது. பத்து விரலிலும் கம்பி கிழித்திருந்தது. ஓடியபோது சத்தம் சீராக இருந்தது. அவ்வளவுதான், மறுநாள் அடுத்ததை எடுத்தாள்.

பொய் சொல்லவேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. "அண்ணாச்சி, என்னைக்குக் கிடைக்கும்?" என்று கேட்பார்கள். "நாளன்னைக்கு வாரும், கட்டித் தாரேன்" என்பார் அவர். கட்டுகிறவள் யார் என்று கேட்டவர்களும் இல்லை, சொன்னவரும் இல்லை. ஒரு தடவை மின்சாமான் வியாபாரிகள் கூடி நல்ல மெக்கானிக்குகளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சுடலைராஜை மேடைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போய் விட்டுவிட்டு, கீழே வந்து நின்று கைதட்டினாள் பேச்சித்தாய். சந்தோசமாகத்தான் தட்டினாள். வீட்டுக்கு வந்து அந்தச் சால்வையை மடிக்கும்போதுதான் கண் கலங்கியது. அதையும் அவர் பார்க்க வழியில்லை.

ஒரே ஒரு வேலையை மட்டும் சுடலைராஜ் விடாமல் வைத்திருந்தார். பழைய காயிலை வெட்டி உருவியதும், அதில் எத்தனை சுற்று என்று எண்ணுவது. கம்பெனிக்குக் கம்பெனி அந்தக் கணக்கு மாறும். எண்ணிக்கை தப்பினால் எவ்வளவு அழகாகக் கட்டினாலும் மோட்டார் எரிந்துபோகும். அவர் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் ஒதுக்கி, பத்துக்கு ஒரு நட்டை எடுத்து டப்பாவில் போட்டு, கடைசியில் சத்தமாக எண்ணிக்கையைச் சொல்வார். அந்தக் குரலில் பழைய சுடலைராஜ் இருப்பார். பேச்சித்தாய் உள்ளே கொண்டுபோய், சத்தம் வராமல் இன்னொரு தடவை எண்ணிக்கொள்வாள்.

போன வருசம் மாசி மாசத்தில் ஒருநாள் அவர் காதில் அது விழுந்துவிட்டது.

"நான் எண்ணுனத நீ திரும்ப எண்ணுதியா? அப்ப நான் இங்கன எதுக்கு உக்காந்திருக்கேன்?"

இரண்டு நாள் சாப்பிடவில்லை மனுசன். இனி எண்ணமாட்டேன் என்று அவள் அவர் கையில் அடித்துச் சொன்ன பிறகுதான் ஒரு வாய் சோறு இறங்கியது.

சித்திரையில் முத்துமாலையின் மோட்டார் வந்தது. நாங்குநேரிக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் வாழை போட்டிருக்கிறவன். அவன் ஊரிலிருந்து வரும் மோட்டார்களெல்லாம் அவன் சொல்லித்தான் வரும். சுடலைராஜ் எண்ணி, நாற்பத்து நாலு என்றார். பேச்சித்தாய் நாற்பத்து நாலு சுற்றுக் கட்டினாள். ஓட்டிப் பார்த்தபோது மீட்டர் ஆம்பியரைக் கூடுதலாகக் காட்டியது; சுற்று குறைந்தால் மோட்டார் அப்படித்தான் கரண்டை இழுக்கும். மனசுக்குள் நறுக்கென்றது. பழைய கம்பியை எடுத்து ஒரு தடவை எண்ணினால் தெரிந்துவிடும். ஆனால் கம்பி உரசினால் அவருக்குக் கேட்கும். கரண்டில் ஏதோ ஏற்ற இறக்கம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டாள்.

பதினோராம் நாள் காலையில் அதே மோட்டாரை லோடு ஆட்டோவிலிருந்து இறக்கி வாசலில் தொப்பென்று வைத்தான் முத்துமாலை.

"என்ன அண்ணாச்சி, இப்படிப் பண்ணிட்டீயளே! குலை தள்ளுத நேரம். நாலு நாளா சொட்டுத் தண்ணி இல்ல, வாழை பூராத் தொங்கிப் போச்சு. ஊருல அத்தன பேருகிட்டயும் உங்க கடையச் சொல்லி அனுப்புனேன், இப்ப என் மூஞ்சில காறித் துப்புதானுவ!"

பக்கத்து லேத்துப் பட்டறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். சுடலைராஜ் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சொன்னார்:

"இத நான் கட்டல. பேச்சித்தாய் கட்டுனது."

திரைக்கு உள்ளே அவளுக்குக் கை நின்றுபோனது. ஒன்பது வருசத்தில் போன மோட்டார்கள் அத்தனையும் அவர் கட்டியது. எரிந்து வந்த இந்த ஒன்று மட்டும் பேச்சித்தாய் கட்டியது!

"அதான பாத்தேன்" என்றான் முத்துமாலை. "பொம்பள கையில குடுத்தா இப்படித்தான் ஆவும். இனி எங்க ஊரு மோட்டாரு ஒண்ணு இந்தப் பக்கம் வராது, பாத்துக்கிடுங்க."

நாங்குநேரிப் பக்கத்து வேலை நின்றால் கடையே நின்றமாதிரி. பேச்சித்தாய் சாக்குத் திரையை ஒதுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கையெல்லாம் வார்னிஷ். கோபம் பேச்சில் வராமல் பார்த்துக்கொண்டாள்.

"ஆமா, நான் கட்டுனதுதான். ஆம்பியர் கூடக் காட்டிச்சு. பாத்துட்டும் அனுப்பி வச்சேன், அது என் தப்பு. ஆனா முழுசாத் தெரிஞ்சிட்டுப் போங்க. ஒம்பது வருசமா இந்தக் கடையில இருந்து போன எல்லாத்தையும் நாந்தான் கட்டுனேன்."

முத்துமாலை சுடலைராஜைப் பார்த்தான். அவர் மறுக்கவில்லை.

"எங்க கோயில் கிணத்து மோட்டாரு? ஆறு வருசமா ஓடுதே?"

"அதுவும்."

"எங்க அத்தான் சங்கிலிபூதத்தான் தோட்டத்துல உள்ளது?"

"அதுவும்தான். வேணும்னா இந்த மோட்டார வேற கடைக்கு ஏத்திருங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். இங்கன விட்டா, கட்டுனது யாருன்னு கேக்கவங்ககிட்ட எம் பேரத்தான் சொல்லணும். இனிமே வேற பேரு சொல்லி நான் கட்டித் தரமாட்டேன்."

ஆட்டோக்காரன் வண்டியை அணைக்காமல் காத்திருந்தான். முத்துமாலை மோட்டாரையும் பார்த்தான், அவள் கையையும் பார்த்தான். கோயில் கிணறும் அத்தான் தோட்டமும் அவன் மனசில் ஓடியிருக்கவேண்டும். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"வாழை காயுது மதினி. என்னைக்கு முடியும்?"

அவளைப் பார்த்துக் கேட்டான். அந்தக் கடை வாசலில் அந்தக் கேள்வி அவளிடம் வந்தது அன்றைக்குத்தான்.

"நாளைக்கு மத்தியானம் வாங்க. நானே கூட வந்து மாட்டி, ஆம்பியர் பாத்துக் குடுக்கேன்."

அவன் போன பிறகு பேச்சித்தாய் மூலையில் கிடந்த சாக்கை அவிழ்த்து, முத்துமாலை மோட்டாரின் பழைய கம்பிகளைத் தேடி எடுத்தாள். இந்தத் தடவை ஒளிக்கவில்லை. வாசலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, கம்பி கலகலக்க எண்ணினாள். சுடலைராஜ் அந்தச் சத்தத்துக்கு முகத்தைத் திருப்பினார். கோபப்படவில்லை.

"எத்தன?"

"அம்பத்தி நாலு."

ஒரு பத்து விட்டுப்போயிருந்தது. டப்பாவில் போடவேண்டிய ஒரு நட்டு. சுடலைராஜ் டப்பாவைத் தடவிப் பார்த்தார்.

"அவன் நிக்கும்போதே எண்ணிக் காட்டிருக்கலாம்லா. என் தப்புன்னு தெரிஞ்சிருக்கும்."

"எனக்கு அப்பவே சந்தேகந்தான்" என்றாள் பேச்சித்தாய். "ஆனா ஒம்பது வருசத்துல இன்னைக்குத்தான் நீங்க வெளியாளுகிட்ட எம் பேரச் சொன்னீய. திட்டு வாங்கத்தான் சொன்னீய, இருந்தாலும் எண்ணிக் காட்டி, இதையும் உங்க பேருக்கு மாத்த எனக்கு மனசு வரல."

சுடலைராஜ் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் எழுந்து உள்ளே போய், எரிந்த காயிலை வெட்ட உளியை எடுத்தாள்.